பின்சீட்டுக்காரி

லாரியிலிருந்து அதை இறக்க மூன்று ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ட்ரூடி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அம்மாவின் பழுப்பு ஸ்வெட்டர். அம்மா இறந்ததிலிருந்து எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த அலமாரியை இன்றைக்கு ஒழித்துவிடலாம், வா என்று அப்பா போனில் கூப்பிட்டிருந்தார். இன்று அம்மாவின் பிறந்தநாள். மனுஷனுக்கு இப்போதாவது ஞாபகம் வந்ததே என்று நினைத்து, அவளும் காலை ஏழு மணிக்கே தன் சின்ன பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அலமாரி வெறும் சாக்கு என்று இப்போது புரிந்தது.

போன சனிக்கிழமை இதே சமையலறைத் தொட்டியில் கழுவாத இரண்டு காபிக் கோப்பைகள் கிடந்தன. ஒன்றின் விளிம்பில் செங்கல் நிற உதட்டுச்சாயம். யாருடையது என்று அவள் கேட்கவில்லை. இந்த ஊரில் அந்த நிறம் பூசுகிறவள் ஒருத்திதான். அறுபத்தாறு வயது பெவர்லி. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை.

அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவுக்கு இரண்டாவதாக வருகிறவளும் சித்திதான். வாரம் முழுக்க அந்த ஒற்றைச் சொல் ட்ரூடியின் நாக்கில் கசந்துகொண்டிருந்தது. வேலையில் பள்ளிப் பேருந்தின் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தக் கோப்பை கண் முன்னால் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயதில், விவாகரத்தாகித் தனியாக இருக்கிற ஒரு பெண்ணுக்கு, பெற்ற அப்பனை நினைத்தால் குமட்டுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

“ட்ரூடி, வெளிய வந்து பாரு.” அப்பா ஆர்லனின் குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

வெளியே வந்தாள். மெரூன் நிறத்தில், குரோமியம் பளபளக்க, நெடுந்தூரம் போகிறவர்கள் வாங்குகிற பெரிய க்ரூஸர். இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, முன்னால் கப்பல் மூக்கு மாதிரி காற்றுத் தடுப்பு. பின்சீட்டுக்கு முதுகுச் சாய்வு, கைவைக்கத் தனி இடம், குளிருக்குச் சூடேற்ற ஒரு விசை.

“நானூறு கிலோ” என்றார் ஆர்லன், தானே பெற்றெடுத்ததுபோல.

“சோபாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு. பழைய பைக் எங்க?”

“குடுத்துட்டேன். இத இறக்கின லாரியிலயே ஏத்தியாச்சு.”

அந்தப் பழைய பைக்கில் ஒரே ஒரு சீட்தான். ட்ரூடிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆற்று மதகில் முப்பத்திரண்டு வருஷம் வேலைக்குப் போனதும் வந்ததும் அப்பா அதில்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாரும் மேஜையில் இருக்கும்போது, அம்மா சிரித்துக்கொண்டே கேட்பாள்: “எனக்கும் ஒரு சீட் போடேன், ஆர்லன்.” அப்பா தட்டைப் பார்த்தபடி, “ரெண்டு பேர் ஏறினா அந்த வண்டி தாங்காது” என்பார். அவ்வளவுதான் பேச்சு. வருஷக்கணக்காக.

இப்போது இந்த நாற்காலி.

“யாருக்குப்பா இந்தப் பின்சீட்?”

ஆர்லன் துணியை எடுத்து, துடைக்க எதுவுமில்லாத டேங்கைத் துடைத்தார். புதுச் சென்ட் வாசனை அடித்தது. எழுபத்திரண்டு வயதுக் கழுத்திலிருந்து வந்த அந்த வாசனைக்கு அவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

பதில், தெருவைத் தாண்டி நடந்து வந்தது. பெவர்லி. தலையில் ஹெல்மெட், அதுவும் வண்டியின் அதே மெரூனில்.

“என்னடி, எலுமிச்சம்பழத்தக் கடிச்ச மாதிரி நிக்குற” என்றாள் பெவர்லி.

“நிறம் பாத்து வாங்கினீங்களா, சித்தி?”

“உங்கப்பன் வாங்கினான். என் தலை அளவு மட்டும் கேட்டான்.”

ட்ரூடி ஸ்வெட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள். “முதல்ல தனியா ஓட்டிப் பழகுங்க. பழைய வண்டி இதுல பாதி கனம்கூடக் கிடையாது. அதுல ஆடும்போது கால ஊனினா நிக்கும். இதுல ஊனினா கால் உடையும்.”

“நான் பைக் ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ பொறக்கல.”

“அதனாலதான் சொல்றேன்.”

பக்கத்திலேயே லூதரன் தேவாலயம். அதன் பின்னால் கார்கள் நிறுத்துகிற தார்த்தளம் சனிக்கிழமை காலி. ஆர்லன் அங்கே கொண்டுபோனார். நேராகப் போகும்போது வண்டி ராஜா மாதிரி போனது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பெவர்லி தேவாலயப் படியில் உட்கார்ந்து கை தட்டினாள். ட்ரூடி தட்டவில்லை. அவளுக்கு அந்தக் கைதட்டல் சத்தமே அசிங்கமாக இருந்தது.

மூன்றாவது சுற்றில் வலப்பக்கம் குறுக்கித் திரும்பப் பார்த்தார். வேகம் குறைந்தது. கண் தரைக்குப் போனது. பழைய பழக்கத்தில் கை முன் பிரேக்கைப் பிடித்தது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அப்படிப் பிடித்தால் சின்ன வண்டி ஒரு குலுங்கு குலுங்கும், அவ்வளவுதான். இது நின்றது. நின்ற இடத்திலேயே சாய்ந்தது. ஆர்லன் வலது காலை ஊன்றினார். கறவை மாடு படுக்கிற நிதானத்தில் நானூறு கிலோவும் அவரையும் இழுத்துக்கொண்டு படுத்தது.

பக்கவாட்டுக் கம்பி மட்டும் இல்லையென்றால் கால் நசுங்கியிருக்கும். அவர் உருண்டு வெளியே வந்துவிட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடி, “ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல” என்றார்.

ட்ரூடி ஓடிப்போய் என்ஜினை அணைத்தாள். இடப்பக்க ஸ்டாண்டை முதலில் வெளியே இழுத்துவிட்டாள். பிறகு வலப்பக்கம் வந்து, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டில் பிட்டத்தை அண்டக் கொடுத்தாள்.

“சித்தி, அந்தக் கம்பியப் பிடிங்க. இடுப்பால தூக்காதீங்க, தொடையால எழும்புங்க.”

இரண்டு பெண்களும் தோளோடு தோள் ஒட்டி, பின்பக்கமாக ஒவ்வோர் அடியாக வைத்து அதை நிமிர்த்தினார்கள். சித்தியின் வியர்வை தன் கையில் பட்டதை ட்ரூடி ஸ்வெட்டரில் துடைத்தாள். துடைத்த பிறகுதான் அது அம்மாவுடையது என்று உறைத்தது.

வலப்பக்கப் பெட்டியின் மூடி திறந்து தொங்கியது. உள்ளே பன்றிக்கறி சாண்ட்விச் பொட்டலம். மூடி தெறித்துப்போன ஒரு டப்பா, அதிலிருந்த உருளைக்கிழங்கு சாலட் பெட்டி முழுக்கச் சிந்தியிருந்தது. அதற்கடியில் தட்டு துடைக்கிற துணியில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. துணி விலகிய மூலையில் சாம்பல் நிறப் பெட்டி. அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் தட்டச்சு எழுத்து.

எலைன் மேரி. பிறந்த தேதி. இறந்த தேதி.

அந்தப் பெயரின் மேல் மயோனைஸ் வழிந்துகொண்டிருந்தது.

ட்ரூடி கட்டை விரலால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பரவியது. சாலட்டின் புளித்த வாசனை மூக்கில் ஏறியது.

“அம்மாவ உருளைக்கிழங்கோட போட்டு வச்சிருக்கீங்க” என்றாள்.

“பெப்பின் ஏரியில கரைக்கணும்னு அவ எழுதி வச்சிருக்கா” என்றார் ஆர்லன் தரையிலிருந்தபடியே. “அறுபது மைல். பொறந்தநாள் அன்னிக்கு ஆத்தோரமா அவளக் கூட்டிட்டுப் போகலாம்னு...”

“கூட்டிட்டா?” ட்ரூடியின் குரல் உயரவில்லை. தாழ்ந்தது. “உயிரோட இருக்கும்போது ஒரு சீட் குடுக்கல நீங்க. இப்ப சாம்பலுக்குப் பெட்டி குடுக்குறீங்க. அதுவும் சாண்ட்விச்சுக்கு அடியில. சீட் தங்கச்சிக்கு.”

“ட்ரூடி.”

“பேசாதீங்கப்பா. நீங்க வாயத் திறந்தா எனக்கு அருவருப்பா இருக்கு.”

ஆர்லன் தத்தித் தத்தி வீட்டு வராந்தாவுக்குப் போய், முழங்காலில் ஐஸுக்குப் பதிலாக உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனைக்கு வரமாட்டேன், சுளுக்குதான் என்று சாதித்துவிட்டார்.

ட்ரூடி குழாயடியில் அம்மாவின் பெட்டியைக் கழுவித் துடைத்தாள். தன் பைக்கிலிருந்து சாமான் கட்டுகிற ரப்பர் வலையை எடுத்து வந்தாள். பெட்டியை அந்தப் பின்சீட்டின் நடுவில், சாய்மானத்தோடு ஒட்டி வைத்தாள்.

“என்ன பண்ற?” என்றாள் பெவர்லி.

“அம்மா கேட்ட சீட். அம்மா போவா. நான் ஓட்டுவேன்.”

“நீ இந்தக் கனத்துல ஓட்டினதே இல்ல.”

“எழுபது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டுறேன்.”

“பஸ் சாயாது” என்றாள் பெவர்லி. சொல்லிவிட்டு, ரப்பர் வலை மாட்டுவதற்கு முன்பே பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, ஸ்டாண்டில் நின்ற வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். “அவ உனக்கு அம்மான்னா எனக்கு அக்கா. என்ன இறக்கணும்னா தூக்கி இறக்கு.”

அறைந்தால் தேவலை என்றிருந்தது ட்ரூடிக்கு. ஆனால் தேவாலயத்துக்குப் பூ வைக்க வந்த இரண்டு பெண்கள் கதவருகே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னால் ஏறினாள்.

முதல் கால் மைல் நரகம். தன் சின்ன பைக்கில் இடுப்பை அசைத்தால் போதும், வண்டி திரும்பும். இது கேட்கவில்லை. ஹேண்டிலை அழுத்தித் தள்ளினால்தான் யோசித்துத் திரும்பியது. கிளட்ச் கையை வலிக்க வைத்தது. என்ஜின் சூடு தொடையில் அடித்தது. மெதுவாகப் போகும்போது முன் பிரேக்கைத் தொடாமல், பின் பிரேக்கை மட்டும் கால் நுனியால் லேசாக அழுத்திப் பிடித்தாள். பஸ் கற்றுக்கொடுத்த ஒன்று மட்டும் உதவியது: கிட்டே பார்க்காதே, போகவேண்டிய இடத்தைப் பார்.

ஆற்றோரச் சாலை வந்ததும் கனம் காணாமல் போனது.

ஐம்பது மைல் வேகத்தில் வண்டி தண்டவாளத்தில் போகிறதுபோல் போயிற்று. எதிரே வந்த பெரிய லாரியின் காற்று, சின்ன பைக்காக இருந்தால் அவளைச் சாலை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். இங்கே சட்டைக் காலரைக்கூட அசைக்கவில்லை. இடப்பக்கம் மிசிசிப்பி மே மாதத்து வெள்ளத்தில் பழுப்பாக விரிந்து கிடந்தது. வலப்பக்கம் பாறை மலை. ஒரு வளைவில் வண்டி தாழ்ந்து, தானாகவே நிமிர்ந்தபோது ட்ரூடிக்கு உள்ளே ஏதோ சந்தோஷம் போல எழும்பியது.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அப்பா இன்னொருத்திக்காக வாங்கிய வண்டி. முதுகில் அந்த இன்னொருத்தியின் முழங்கால். நடுவில் செத்துப்போன அம்மா. இதில் என்ன சந்தோஷம் வேண்டிக் கிடக்கிறது உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முப்பது மைல் தாண்டியதும் பெவர்லி தோளைத் தட்டினாள். “நிறுத்து. கால் மரத்துப் போச்சு.”

ஆற்றைப் பார்க்க வண்டிகள் ஒதுங்குகிற சரளைத் தளம் ஒன்று வந்தது. சாலையிலிருந்து ஆற்றுப் பக்கமாகச் சரிவு. ட்ரூடி எப்போதும்போல் முன்சக்கரம் வேலியைத் தொடுகிறவரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

பெவர்லி இறங்கி, அம்மாவின் பெட்டியை அங்கிருந்த மர மேஜையில் வைத்துவிட்டு, வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்துப் பிரித்தாள்.

“அதச் சாப்பிடப் போறீங்களா?”

“பசிக்குது.”

“அது அம்மா பக்கத்துல கெடந்தது.”

“எலைன் பக்கத்துல உக்காந்து ஆயிரம் தடவ சாப்பிட்டிருக்கேன். அவ ஒன்னும் சொல்ல மாட்டா.” கடித்தாள். மென்றாள். ட்ரூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஒன்னு மட்டும் கேக்குறேன், சித்தி. அம்மா படுக்கையில கெடக்கும்போதே ஆரம்பிச்சுதா?”

“இல்ல.”

“சத்தியமா?”

“அதுக்கு ரொம்ப முன்னாடி” என்றாள் பெவர்லி. “எலைனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது.”

அதற்குமேல் கேட்க ட்ரூடிக்குக் காது இல்லை. பெட்டியைப் பிடுங்கினாள். பின்சீட்டில் வைத்து ரப்பர் வலையை இழுத்து மாட்டினாள். ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டைத் தட்டினாள். இவள் இங்கேயே கிடக்கட்டும். ஆற்றைப் பார்த்துக்கொண்டு மிச்ச சாண்ட்விச்சையும் தின்னட்டும்.

கால்களால் உந்திப் பின்னால் தள்ளினாள்.

வண்டி அசையவில்லை.

மறுபடி உந்தினாள். சரளையில் பூட்ஸ் வழுக்கியது. முன்னால் வேலி, பின்னால் மேடு. சின்ன பைக் என்றால் இரண்டு எட்டில் மேலே ஏற்றியிருப்பாள். நானூறு கிலோவைச் சரிவில் பின்பக்கமாகத் தள்ள அவள் காலுக்குப் பலம் இல்லை. ரிவர்ஸ் கியரும் இதில் கிடையாது. இறங்கி, ஹேண்டிலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஓர் அங்குலம் வந்து, ஓர் அங்குலம் திரும்பிப் போனது. இன்னொரு முறை இழுத்தால் சாய்ந்துவிடும், சாய்ந்தால் அம்மாவும் கீழே வருவாள்.

அவள் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். முகம் எரிந்தது. தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

பெவர்லி விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

“நீ உக்காரு. நான் முன்னாடி நின்னு தள்ளுறேன்” என்றாள். “ஆனா நான் சொல்றத முழுசா கேக்கணும்.”

ட்ரூடி உட்கார்ந்தாள். பெவர்லி வேலிக்கும் வண்டிக்கும் நடுவில் நுழைந்து, விளக்கின் இரு பக்கமும் கை கொடுத்து உந்தினாள். அறுபத்தாறு வயதுக்கு அவளிடம் பலம் இருந்தது. அரை அடி. ஓர் அடி. மூச்சுக்கு நடுவே பேசினாள்.

“அந்தப் பழைய பைக்ல பின்சீட் இருந்துச்சு. எனக்கு அப்ப இருபது வயசு. அந்தக் கோடை முழுக்க அதுல உக்காந்தது நான்தான்.”

“பொய்.”

“கல்யாணமான மறுவாரம் உங்கம்மாவே ஸ்பேனர் எடுத்து அதக் கழட்டினா. மதகுப் பாலத்துல நின்னு ஆத்துல போட்டா. நான் கரையில நின்னு பாத்தேன்.”

“அம்மா அந்தச் சீட்ட எத்தன தடவ கேட்டா தெரியுமா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்.”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுல யார் சாப்பிட வருவா?”

ட்ரூடியின் கால் சரளையில் நின்றது. மேஜையின் அந்தப் பக்கம் எப்போதும் சித்திதான். அம்மா சிரித்தபடி கேட்கும்போது, இன்னும் கொஞ்சம் காபி போடுகிறேன் என்று சித்தி எழுந்து போவாள். செவ்வாய்க்கிழமையோ வெள்ளிக்கிழமையோ அம்மா அந்தப் பேச்சை எடுத்ததாக ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை.

“அது கேட்டது இல்லடி” என்றாள் பெவர்லி. “குத்திக் காட்டினது. அவனையும் என்னையும் சேத்து.”

வண்டி மேட்டில் ஏறிச் சமதளத்துக்கு வந்துவிட்டது. இனி ட்ரூடி கிளம்பலாம். சாவியில் கை வைத்தவள் திருப்பவில்லை. எட்டு மாதமாக மனதில் வைத்து அழுதுகொண்டிருந்த அம்மாவின் சிரித்த முகம், மூடி தெறித்த அந்தச் சாலட் டப்பா மாதிரி உள்ளே புளித்துப்போய்த் தெரிந்தது. அவளுக்கு இப்போது யார் மேல் அருவருப்புப் படுவது என்றுகூடப் புரியவில்லை.

“அப்பறம் ஏன் அவர் அம்மாவக் கட்டினார்?”

“அவங்க கல்யாணம் எந்த வருஷம்?”

“எழுபத்தெட்டு, அக்டோபர். நாற்பதாவது வருஷத்துக்குத் தேவாலயத்துல கேக் வெட்டினோமே.”

“முப்பத்தொன்பதாவது” என்றாள் பெவர்லி. “எழுபத்தொன்பது அக்டோபர். நீ எண்பது மார்ச்சுல பொறந்த. விரல் விட்டு எண்ணு.”

ட்ரூடி எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. சித்தி பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அதே கோடையில்தான் அவள் கருவானது. அதே ஜூன்.

ஜாக்கெட் பையில் போன் அதிர்ந்தது. அப்பா.

“எடு” என்றாள் பெவர்லி. “நான் சொன்னா நம்ப மாட்ட. அவன்கிட்டயே கேளு.”

எடுத்தாள். “அப்பா.”

“எங்க இருக்கீங்க? வண்டி எப்படி...”

“உங்களுக்குக் கல்யாணம் எந்த வருஷம்?”

ஆற்றில் ஒரு சரக்குப் படகு மெதுவாகக் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“பெவ் பக்கத்துல நிக்கிறாளா?” என்றார் ஆர்லன்.

“ஆமா.”

“அவ பாதிதான் சொல்லியிருப்பா.” அவர் குரலில் காலையில் இருந்த இளமை சுத்தமாக இல்லை. “மீதிய அவ சொல்றதுக்கு முன்னாடி, எலைன எடுத்துக்கிட்டு அவ காதுல விழாத தூரத்துக்குத் தள்ளி வா. தனியா வா, ட்ரூடி.”